புதூர் என்கிற கொத்தப்பள்ளி

கோபம் வந்தால் மேகலாவுக்கு முதலில் காதுதான் சூடாகும். பிறகு கழுத்து. வாய் அதற்கும் பிறகுதான். காதுக்கும் வாய்க்கும் நடுவில் எப்படியும் இரண்டு நிமிடம் கிடைக்கும். அதற்குள் அவள் கண்ணில் படாமல் நகர்ந்துகொள்வது நல்லது என்று கம்பெனியில் அவளோடு இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஹரீஷ்குமாருக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், மடக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே அவன் சொன்னான்:

“அக்கா, மூணாவது கன்ட்ரோல் மிஸ் ஆயிருக்குது. ஃபினிஷ் குடுக்க முடியாது.”

விடிகாலை ஆறு மணிக்குக் கிளம்பி, இருநூற்று நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, முகமெல்லாம் உப்புப் பூத்து வந்து நிற்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? மேகலாவின் காது சூடாக ஆரம்பித்தது. மணி ஐந்தே முக்கால். ஏழரை வரைக்கும் நேரம் இருக்கிறது. நேரத்துக்குள் வந்தாயிற்று, வழியில் கன்ட்ரோல் என்று குறித்திருந்த எல்லா ஊரிலும் நின்று கார்டில் சீலும் வாங்கியாயிற்று. பிறகு என்ன மிஸ்?

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் அவள் கோபத்தில் இருக்கும் நியாயம் விளங்கும்.

மேகலாவின் வீடு கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம். கணவன் முனிவேல் வாய்க்கால் ஓரத்தில் கோஸும் ரோஜாவும் போடுகிறவன். அவள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இரும்பு உருப்படிகளை அளந்து, சரியானதைத் தேற்றி, சரியில்லாததை ஒதுக்குகிற வேலையில் இருக்கிறாள். கம்பெனி பஸ் அவள் ஊருக்குள் வராது. ஏழு கிலோமீட்டர் சைக்கிளில் போய் மெயின் ரோட்டில் ஏறவேண்டும். ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு, போன வேகத்திலேயே கம்பெனி வரைக்கும் மிதித்துவிட்டாள். பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தது. அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

நெடுஞ்சாலையில் ஓட்டுவது அவளுக்குப் பிடிக்காது. கிரானைட் லாரிக்காரன் வேண்டுமென்றே காதுக்குள் ஹாரன் அடிப்பான். பைக்கில் போகிற பயல்கள் மெதுவாக்கி, ஏற இறங்கப் பார்த்து, “எங்கக்கா ரேஸு?” என்பார்கள். அதனால் அவள் ஊர் ஊராக உள்வழி தேடிக் கண்டுபிடித்தாள். கேழ்வரகு வயலுக்கு நடுவில் போகும் ரோடு, மாந்தோப்பு ஓரத்து ரோடு, வாளோடு வீரன் நிற்கும் நடுகல் வரிசையைக் கடந்து போகும் ரோடு. மணிக்கு இரண்டு பால் வண்டி வந்தால் அதிகம். அங்கே போனால்தான் மூச்சு தன் கணக்கில் வரும் என்பாள்.

அப்போதுதான் யாரோ அவள் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். பிரான்சில் நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம். ஜெயிப்பது தோற்பது கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். கல் வீடுகள், கல் கோயில், அதைச் சுற்றி ஓடும் குறுகலான ரோடு, ஒரு லாரி கிடையாது. ஊர்க்காரர்கள் வாசலில் மேசை போட்டு, போகிற வருகிற சைக்கிள்காரர்களுக்குக் காப்பி கொடுக்கிறார்கள். எவனும் ஹாரன் அடிக்கவில்லை. யார் பெண்டாட்டி, எங்கே போகிறாய் என்று எவளும் கேட்கவில்லை. ஊருக்குள் நுழையும்போது ஊர்ப்பெயர்ப் பலகை, ஊரை விட்டு வெளியே போகும்போது அதே பெயர் மேல் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட இன்னொரு பலகை. மேகலா அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தாள் என்று முனிவேலைக் கேட்டால் சொல்வான். “சைக்கிள்ல பிரான்சு போறாளாம்” என்று அவன் தோட்டத்தில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. போவதென்று முடிவு பண்ணிவிட்டாள்.

போகவேண்டுமானால் அதே வருடத்தில் இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு என்று நாலு ஓட்டம் முடித்திருக்க வேண்டும். பெரிய மூன்றையும் அவள் முடித்துவிட்டாள். சின்னதான இருநூறு மட்டும், போனமுறை நடந்தபோது கம்பெனியில் ஆடிட் வந்து கெட்டுப்போனது. பிரான்சுக்குப் பெயர் கொடுக்கும் தேதிக்குள் இதுதான் கடைசி இருநூறு. இன்றைக்கு வந்திருந்த இருபத்து நாலு பேரில் இதை நம்பியிருந்தவர்கள் இரண்டே பேர். மேகலா ஒருத்தி. இன்னொருவர் இன்னாசிமுத்து. அவளுடைய கம்பெனியிலேயே டூல் ரூமில் இருந்து ரிட்டயரானவர், அறுபது வயது, வலது முட்டி அடிக்கடி மக்கர் பண்ணும். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அவளோடு உள்வழிகளில் ஓட்ட வருகிறவர் அவர் ஒருவர்தான். அவள் அவரை அண்ணா என்பாள். இந்த வருடம் விட்டால் அடுத்த தடவை அவருக்கு அறுபத்து நாலு. முட்டி அதுவரை நிற்குமா என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம் என்பார்.

இந்த ஓட்டத்தை நடத்துவது பெங்களூர் கிளப் ஒன்று. அதில் ஓசூர்ப் பக்கம் பொறுப்பு ஹரீஷ்குமாருக்கு. ஓசூர்ப் பையன், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் அவன் போன் பண்ணி, “அக்கா, உங்களுக்குத்தான் வில்லேஜ் ரோடெல்லாம் தெரியும், ஒரு ரூட் போட்டுக் குடுங்க” என்றான். அவள் வாய்ஸ் மெசேஜாகவே மொத்த வழியையும் சொல்லி அனுப்பினாள். தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, வேப்பனப்பள்ளி, அதைத் தாண்டி உள்ளே போனால் புதூர். அங்கே பால் சொசைட்டியில் சீல் வாங்கிக்கொண்டு பாகலூர் வழியாகத் திரும்பலாம்.

புதூர் என்றுதான் அவள் சொன்னாள். அந்த ஊர் தமிழ் பேசுகிறவர்களுக்குப் புதூர். தெலுங்கு பேசுகிறவர்களுக்குக் கொத்தப்பள்ளி. கன்னடக்காரர்களுக்கு ஹொசஹள்ளி. மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றே, புது ஊர். ஒரே ஆள் ஒரே பேச்சில் மூன்று பெயரையும் சொல்வான், கேட்கிறவனும் தடுமாறாமல் கேட்டுக்கொள்வான். ஹரீஷ் வீட்டில் தெலுங்கு. போதாததற்கு அவன் அம்மா பிறந்ததே அந்த ஊரில்தான். அதனால் மேகலா புதூர் என்று சொன்னது அவன் காதில் கொத்தப்பள்ளி என்று விழுந்து, கைக்கும் அப்படியே போய்விட்டது. கார்டில் ‘கன்ட்ரோல் 3: கொத்தப்பள்ளி’ என்று இங்கிலீஷில் அடித்தான். இந்தப் பக்கத்துக்காரனைத் தவிர வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

அதோடு நின்றிருந்தால் ஒரு கேடும் இல்லை. கார்டைப் பார்த்த மேகலா, “ஓ, தெலுங்குல போட்டிருக்கான்” என்று சிரித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். ஆனால் ஹரீஷ், மற்றவர்கள் சைக்கிளில் மாட்டியிருக்கும் மெஷினுக்காக மேப்பிலும் கொத்தப்பள்ளி என்று தட்டினான். மேப் முதலில் காட்டிய கொத்தப்பள்ளியில் ஊசியைக் குத்தி எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். அது வேறு கொத்தப்பள்ளி. வேப்பனப்பள்ளிக்கு முன்னாலேயே பிரிகிற ரோட்டில் இருப்பது. அந்த வழியாகப் போனால் மொத்தத்தில் பதினெட்டு கிலோமீட்டர் குறைந்துவிடும்.

மேகலாவிடம் அந்த மெஷின் கிடையாது. ஒயர் வைத்த பழைய மீட்டர் ஒன்று இருக்கிறது, தூரத்தை மட்டும் காட்டும். தானே போட்ட வழிக்கு மேப் எதற்கு?

கிருஷ்ணகிரி வரைக்கும் இன்னாசிமுத்துவும் அவளும் சேர்ந்துதான் வந்தார்கள். அங்கே அவளுக்குப் பின் சக்கரம் பஞ்சர். பெங்களூர்க் கூட்டம் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. “நீங்க அவங்களோட போங்கண்ணா, உங்க முட்டிக்குக் கூட்டத்துல போனா காத்து மறைப்பு கிடைக்கும். நானு ஒட்டிக்கிட்டு வர்றன்” என்று அவள்தான் அனுப்பி வைத்தாள்.

பஞ்சர் ஒட்டி, தனியாக மிதித்து, ஒரு மணி இருபதுக்குப் புதூர் பால் சொசைட்டி வாசலில் இறங்கினாள். செயலாளர் கோவிந்தப்பன் சீலைக் குத்தி, மணியை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு சொம்பு மோரும் கொடுத்தார். “மத்தவங்க எங்கம்மா?” என்று கேட்டார். “முன்னாலயே போயிருப்பாங்கண்ணா” என்றாள் அவள். அவர் ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் போன் வந்து உள்ளே போய்விட்டார். அங்கிருந்து பாகலூர் வரை அவள் ஓட்டியதுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த நல்ல நேரம். ரோட்டில் ஆளே இல்லை. மாந்தோப்புக்குள்ளிருந்து மயில் கத்தியது. முடித்துவிட்டோம், பிரான்சு போகிறோம் என்று வாய்விட்டே ஒருதடவை சொல்லிக்கொண்டாள்.

இப்போது இந்தப் பயல் மிஸ் என்கிறான்.

“மிஸ்ஸா? கண்ணத் தொறந்து பாரு. சீல் இருக்குது, டைம் இருக்குது, கையெழுத்து இருக்குது.”

“அது புதூர் சீலுக்கா. கார்டுல கொத்தப்பள்ளின்னு இருக்குது.”

விளையாடுகிறான் என்று நினைத்து மேகலா சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அவனைச் சரியாகப் பார்த்தாள். அவன் கண் அந்த சீல் மேலேயே நின்றது. முகம் வெளுத்துப்போயிருந்தது. மேசையில் அடுக்கியிருந்த மற்ற கார்டுகளை ஒருதடவை பார்த்தான், திரும்ப சீலைப் பார்த்தான். தான் ஊசியை எங்கே குத்தினோம் என்பது அந்த சீலைப் பார்த்தபோதே அவனுக்கு விளங்கியிருந்தது. அவனுக்கு விளங்கிவிட்டது என்பது அவளுக்கும் விளங்கியது. அப்படியும் அவன் அவள் கார்டை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

கையில் பிரியாணித் தட்டோடு நின்ற ஒரு ஆள் நடுவில் புகுந்தார். “ஆன்ட்டி, புதூர்னு ஊருக்கு ஊர் இருக்கு. கொத்தப்பள்ளில சீல் குடுக்க ஆள் இல்ல, அதனால நாங்க இருபத்து மூணு பேரும் ஊர் போர்டு முன்னாடி போட்டோ எடுத்திருக்கோம். நீங்க வழி தப்பிட்டீங்க, அவ்ளோதான். நெக்ஸ்ட் டைம் பார்த்துக்கலாம்.”

ஆன்ட்டி! அந்த ஆளுக்கு அவளை விட நாலு வயதாவது கூட இருக்கும். அது கிடக்கட்டும். வழி தப்பினது இவளாம். இருபத்து மூணு பேர் சேர்ந்து தப்பாகப் போனால் அது சரியாகிவிடும், ஒருத்தி தனியாகச் சரியாகப் போனால் அது தப்பாகிவிடும்.

“உங்க மெஷின்ல எத்தினி கிலோமீட்டர் காட்டுது?” என்று கேட்டாள்.

அந்த ஆள் தட்டில் எலும்பைத் தேட ஆரம்பித்தார்.

“கேக்கறேன் இல்ல? இது இருநூறு ஓட்டம். என் மீட்டர்ல இருநூத்தி நாலு. உங்களுக்கு எத்தினி?”

மற்றவர்களும் தட்டுகள் மேல் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் மேகலாவுக்குப் புரிந்தது. இவர்கள் எல்லோருக்கும் தெரியும். கைப்பிடியில் மாட்டிய மெஷின் நிமிடத்துக்கு நிமிடம் தூரம் காட்டும்போது எப்படித் தெரியாமல் போகும்? மண்டபத்து வாசலில் வந்து இறங்கும்போது இருநூறு ஆகவில்லை என்று பார்த்துவிட்டு, ஹரீஷ் கொடுத்த மேப், ஹரீஷ் பாடு என்று கை கழுவிக்கொண்டு பிரியாணிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்குக் கழுத்து வரைக்கும் சூடு வந்துவிட்டது.

இன்னாசிமுத்து மண்டபத்துப் படியில், முட்டியில் ஐஸ் பொட்டலம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஐஸைப் பார்த்தார்.

“ஹரீஷ்,” என்றாள் மேகலா. குரல் தாழ்ந்துதான் வந்தது. தெலுங்கில் கேட்டாள்: “மீ அம்ம புட்டின ஊரு ஏதி?”

அம்மா பிறந்த ஊர் எது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிற ஒருத்தனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“அக்கா, ப்ளீஸ். அது வேற, இது வேற.”

“வேறயா? இரு.”

போனை எடுத்தாள். கோவிந்தப்பன் நம்பரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசை மேல் வைத்தாள். சாயங்காலப் பால் அளக்கும் நேரம். கேன் உருளும் சத்தத்தோடு அவர் குரல் வந்தது.

“சொல்லும்மா. ஒட்டுன டயர் நின்னுச்சா?”

“நின்னுச்சுண்ணா. உங்க ஊர் பேர் என்னாண்ணா?”

“என்னாம்மா, வெயில்ல தல கில சுத்துதா? கொத்தப்பள்ளி.”

“சீல்ல புதூர்னு இருக்குதேண்ணா?”

“சீலு கவர்மெண்ட் குடுத்தது. கவர்மெண்டுக்கு புதூரு. எங்களுக்கு கொத்தப்பள்ளி. கன்னடத்து பஸ்காரனுக்கு ஹொசஹள்ளி. எப்டி கூப்ட்டாலும் ஊரு அங்கயேதான் கிடக்குது, எங்க ஓடிடும்?”

“இன்னைக்கு எத்தினி பேரு சீல் வாங்குனாங்க?”

“நீ ஒருத்திதான். நானே மத்தியானம் கேக்கணும்னு இருந்தன். நம்ம சம்பங்கி பேரன் இல்ல, ஹரீஷு, அவன் நேத்து போன் பண்ணி, மாமா, இருபது இருபத்தஞ்சு பேரு நம்மூருக்கு சீலுக்கு வருவாங்க, மோர் கரைச்சு வைங்கன்னான். ரெண்டு அண்டா கரைச்சன். ஒருத்தனும் வரல. எல்லாத்தையும் கன்னுக்குட்டிக்கு ஊத்துனன். அவன் வந்தான்னா சொல்லு, நானு நாலு வார்த்த கேக்கணும்.”

“இங்கதாண்ணா இருக்கான். கேட்டுக்கிட்டுதான் இருக்கான்,” என்று சொல்லி மேகலா போனை வைத்தாள்.

ஹரீஷ் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், பேனாவைத் திறந்தான், மூடினான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. முகம் தெளிந்தது.

“சரி. கன்ஃப்யூஷன் என்னுதுதான். எல்லாருக்கும் பாஸ் குடுத்துடலாம். உங்களுக்கும்தான்க்கா. உங்க கார்டுல புதூர் சீலை அடிச்சிட்டு கொத்தப்பள்ளின்னு எழுதிக்கறேன். எல்லாரோடயும் அங்க வந்ததா கீழ ஒரு சைன் பண்ணிடுங்க. பிரான்சுக்கு அனுப்புற லிஸ்ட் ஒரே மாதிரி இருக்கணும், அவ்ளோதான். உங்களுக்கு பிரான்சு கன்ஃபர்ம். இன்னாசி அங்கிளுக்கும்.”

யாரோ கை தட்டினார்கள். பிரியாணிக்காரர் சிரித்துக்கொண்டே, “பார்த்தீங்களா, எவ்ளோ சிம்பிள்” என்றார்.

ஹரீஷின் பேனா கார்டுக்குப் போயிற்று. மேகலா கார்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

மூன்று வருடத்துக்கு முன் கம்பெனியில் இதே மாதிரி ஒரு கையெழுத்து அவள் போட்டிருக்கிறாள். அளவு தேறாத ஒரு லாட். “போடும்மா, வண்டி நிக்குது, எல்லாரும்தான் போட்டிருக்காங்க” என்றான் சூப்பர்வைசர். போட்டாள். லாட் மொத்தமும் திரும்பி வந்தபோது விசாரணையில் அவள் கையெழுத்துதான் முன்னால் நின்றது. சூப்பர்வைசர் பின் வரிசையில் கை கட்டி நின்றான். அன்று தலைகுனிந்து நின்ற முக்கால் மணி நேரத்தை அவள் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது வாய் திறந்தது.

“என்னா சொன்ன? நான் போன ஊரை அடிச்சிட்டு நான் போகாத ஊரை எழுதுவியா? நான் பஞ்சர் ஒட்டி, தனியா மிதிச்சு, வாங்கிட்டு வந்த சீலுடா அது. நீ கோடு போட்டு அழிப்ப, நானு சைன் பண்ணணுமா? யார் தலையில மொளகா அரைக்கிற?”

“அக்கா, பாஸ்தானே குடுக்கறேன்…”

“நீ என்னாத்த குடுக்கறது? அது என்னுது. நான் ஓட்டுனது. ஊர் பேரைத் தெலுங்குல போட்ட பாரு, அதுக்கு நானு கோவப்படல. நம்ம பக்கத்துல எல்லாரும் அப்டித்தான். மேப்புல தப்பா குத்துன, அதுக்கும் கோவப்படல. உனக்கு அந்த சீலப் பாத்ததும் தெரிஞ்சுது. தெரிஞ்சும் என் மூஞ்சியப் பாக்காம, அடுத்த வாயில மிஸ்ஸுன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான். இருபத்து மூணு பேருக்கிட்ட நீ அசிங்கப்படக் கூடாது, அதுக்கு ஒருத்திய கழிச்சுட்டாப் போதும். அவ என்னா, கம்பெனிக்காரி, அதட்டுனா போயிடுவா. அப்டித்தானே?”

“ரைடே கேன்சல் ஆயிடும்க்கா. கிளப்புக்கு அடுத்த வருஷம் பர்மிஷனே குடுக்க மாட்டாங்க. இவங்களுக்கெல்லாம்…”

“இவங்களுக்கெல்லாம் மெஷின்ல என்னா இருக்குதோ அதை எழுது. எந்த ஊருக்குப் போனாங்களோ அந்த ஊரை எழுது. என் கார்டுல புதூர்னு எழுது. தமிழ்லயே எழுது. இருநூத்தி நாலு. சைன் பண்ணு. இல்லன்னா இந்த கார்டை நானே பிரான்சு ஆபீசுக்கு அனுப்புறன், உன் கோவிந்தப்பன் மாமா சொன்னதையும் சேத்து எழுதி.”

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. “ஓவரா பண்றாங்க” என்றான் ஒருவன். “ஒரு லோக்கல் ரைடுக்கு இவ்ளோ டிராமாவா” என்றான் இன்னொருவன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெங்களூர்ப் பெண், முப்பது வயது இருக்கும், அதுவரை மேகலாவோடு ஒரு வார்த்தை பேசாதவள், எழுந்து வந்தாள். தன் சைக்கிள் மெஷினைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். “நந்து நூர எம்பத்தாரு,” என்று தன் மெஷின் காட்டிய நூற்று எண்பத்தாறைக் கன்னடத்தில் சொன்னாள். அடுக்கிலிருந்து தன் கார்டைத் தேடி எடுத்து ஹரீஷிடம் நீட்டி, “நனகெ பேட” என்றாள். எனக்கு இது வேண்டாம் என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் போய்த் தன் பையைக் கட்ட ஆரம்பித்தாள். மேகலாவைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு மேகலா தன் கார்டை மேசை மேல் வைத்தாள், ஹரீஷ் எழுதினான். முதலில் ‘தூ’ சரியாக வரவில்லை. அடித்து இன்னொரு தடவை எழுதினான். தூரம் எழுதினான், நேரம் எழுதினான், கையெழுத்துப் போட்டான். மற்ற கார்டுகளை ஒரு ரப்பர் பேண்டில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதில் எதிலும் கையெழுத்து இல்லை. கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டே வண்டிகளில் சைக்கிளை ஏற்ற ஆரம்பித்தது. யாரும் மேகலாவுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பிரான்சு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மத்தியானம் வாய்விட்டுச் சொன்னபோது இருந்த இனிப்பு அதில் இல்லை.

கேட் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது இன்னாசிமுத்து நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

“மேகலா, நில்லும்மா.”

நின்றாள்.

“அந்த சைன போட்டிருந்தா ரெண்டு பேரும் போயிருக்கலாமேம்மா. உனக்கு ஒண்ணும் கொறஞ்சிருக்காது. எனக்கு இன்னொரு தடவ ஏது சொல்லு?”

அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. இந்த மனுசனுக்காக அவள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கூடவே நடந்திருக்கிறாள். புதூருக்கே மூன்று தடவை கூட்டிப் போயிருக்கிறாள். அதே சொசைட்டி வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் மோர் குடித்திருக்கிறார்கள்.

அது நினைவுக்கு வந்ததும்தான் அவளுக்கு உறைத்தது.

“அண்ணா, வேப்பனப்பள்ளிக்கு முன்னாலயே அவங்க திரும்புனாங்களே. அப்ப உங்களுக்குத் தெரியலியா?”

இன்னாசிமுத்து ஹெல்மெட் வாரை இழுத்து இழுத்து விட்டார்.

“தெரிஞ்சுதும்மா. கோவிந்தப்பன் ஊருக்கு வழி இது இல்லன்னு திரும்புனப்பவே தெரிஞ்சுது. சொன்னா, எல்லாரும் கேப்பாங்களோ மாட்டாங்களோ… கேக்கலன்னா நான் ஒருத்தனா பதினெட்டு கிலோமீட்டரு சுத்திக்கிட்டு வரணும். முட்டி வேற விண்ணுன்னு தெறிக்குது. இத்தினி பேரு போறாங்களே, அவன் குடுத்த மேப்புதானேன்னு… அப்டியே போயிட்டன்.”

“டைம் இருந்துச்சேண்ணா. பன்னெண்டர மணிதான் ஆயிருக்கும். நீங்க தனியா வந்திருந்தாகூட பின்னால நானு வந்துக்கிட்டுதானே இருந்தன். உங்கள விட்டுட்டா போயிருப்பன்?”

அவர் வாரை விட்டுவிட்டுக் குனிந்து முட்டியைத் தடவினார்.

“அங்க நீங்க வாயத் தொறக்கல. அது கூட போகட்டும், முட்டி வலி. இங்க, என் கண்ணு முன்னால, அவன் என்னை மிஸ்ஸுன்னு சொல்றான், அந்தாளு வழி தப்பிட்ட ஆன்ட்டிங்கறான், படியில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க. புதூரு எதுன்னு அவங்கள்ல உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்பவும் தொறக்கல. இப்ப என்கிட்ட வந்து மட்டும் தொறக்குறீங்க.”

“மேகலா…”

“வேணாண்ணா. பேசாதீங்க.”

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் முன்னால் துடைக்கவும் பிடிக்கவில்லை. சைக்கிளில் ஏறி ரோட்டுக்கு வந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. வீட்டுக்குப் போக வழக்கமான உள்வழிக்குத் திரும்பாமல், லாரிகள் போகிற ரோட்டிலேயே மிதித்தாள். பின்னாலிருந்து எவனோ நீளமாக ஹாரன் அடித்தான். அவள் ஒதுங்கவில்லை.